கேம் வீடியோக்களை ஒட்டும்போது சத்தம் பிசகினால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

கிளான் போட்டி ஒன்றை நாலு பேர் நாலு போனில் பதிவுசெய்வார்கள். ஒருவர் கிண்ணியாவில், ஒருவர் மூதூரில், மற்ற இருவர் திருகோணமலை ரவுனுக்குள். எல்லாத் துண்டும் கடைசியில் உவர்மலையிலோ உப்புவெளியிலோ கணினி வைத்திருக்கும் ஒரு பெடியனின் தலையில் வந்து விழும். அவன் ஒட்டி முடித்து ஓடவிட்டால் துப்பாக்கி மின்னுகிறது, வெடிச்சத்தம் அரைச் செக்கன் கழித்து வருகிறது. உடனே எல்லாரும் செய்யும் வேலை, சத்தத் தடத்தைப் பிடித்து இழுப்பது. இழுத்த இடம் பொருந்தும். ஐந்து நிமிடம் தள்ளிப் பார்த்தால் இன்னொரு இடம் பிசகி நிற்கும்.

இழுப்பதற்கு முன் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். பிசகு முழுக்க ஒரே அளவா, போகப்போக வளர்கிறதா, ஒட்டுவாய்களில் மட்டும் கூடுகிறதா, நடுவில் ஓரிடத்தில் தாவுகிறதா? நாலுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

## கை வைக்குமுன்: ஐந்து நிமிடச் சோதனை

புளூடூத் ஹெட்செட்டைக் கழற்றுங்கள். அதுவே 100 முதல் 300 மில்லி செக்கன் வரை சத்தத்தைப் பிந்த வைக்கும். வயர் இயர்போனிலோ ஸ்பீக்கரிலோ கேட்டால் பாதிப் பேரின் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். எடிட்டரின் முன்னோட்டத் திரையையும் நம்பவேண்டாம். பலம் குறைந்த கணினியில் அது திக்கித் திக்கித்தான் ஓடும். ஒட்டுவாய் உள்ள இடமாக இரண்டு நிமிடத்தை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து விஎல்சி பிளேயரில் போட்டுப் பாருங்கள்.

அளப்பதற்கு உங்கள் கையிலுள்ள துப்பாக்கியின் வெடி, மெனுவில் ‘டிக்’ என்று விழும் பொத்தான், கதவு திறக்கும் சத்தம் போன்றவற்றை எடுங்கள். தூரத்து எதிரியின் வெடியை எடுக்கக்கூடாது. காற்றில் சத்தம் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர்தான் போகும். சில கேம்கள் அதையும் அப்படியே போலச் செய்வதால் 400 மீற்றருக்கு அப்பால் சுட்ட சத்தம் ஒரு செக்கனுக்கு மேல் பிந்தித்தான் கேட்கும். அது பிழையல்ல. அதைத் ‘திருத்தி’ முழு வீடியோவையும் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

விஎல்சியில் ஓடும்போது ஜே விசையை ஒருமுறை தட்டினால் சத்தம் 50 மில்லி செக்கன் முந்தும், கே விசையைத் தட்டினால் 50 பிந்தும். பொருந்தும்வரை தட்டி, எத்தனை தட்டு என்று எண்ணுங்கள். ஆறு தட்டு ஜே என்றால் சத்தம் 300 மில்லி செக்கன் பிந்தியிருக்கிறது. ஈ விசை ஒவ்வொரு பிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப்படமாக, நகர்த்தும். ஒவ்வொரு துண்டிலும் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடத்தில் அளந்து தாளில் எழுதுங்கள். மனக்கணக்கு இங்கே சரிவராது.

பிறகு மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு மூலத் துண்டையும் திறந்து நாலு விடயங்களைக் குறியுங்கள்: பிரேம் வீதம் (செக்கனுக்கு எத்தனை பிரேம்) எவ்வளவு, அது ‘கான்ஸ்டன்ட்’ (நிலையானது) என்றிருக்கிறதா ‘வேரியபிள்’ (மாறுவது) என்றிருக்கிறதா, சத்தத்தின் சாம்பிள் வீதம் (செக்கனுக்கு எத்தனை தரம் சத்தம் அளக்கப்படுகிறது) 44.1 கிலோஹேர்ட்ஸா 48ஆ, படத்தின் நீளமும் சத்தத்தின் நீளமும் ஒன்றா. கீழே வரும் எல்லாத் தீர்ப்பும் இந்த நாலில்தான் தொங்குகிறது.

எவ்வளவு பிசகு வரை விட்டுவிடலாம்? சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரைப்படி, சத்தம் 45 மில்லி செக்கன் முந்தினாலோ 125 மில்லி செக்கன் பிந்தினாலோதான் பார்ப்பவருக்குத் தெரியத் தொடங்கும். 60 பிரேம் வீடியோவில் ஒரு பிரேம் 16.7 மில்லி செக்கன். ஒரு பிரேம், இரண்டு பிரேம் பிசகுக்காக இரவு முழுக்க மினக்கெட வேண்டியதில்லை. ஆனால் சத்தம் முந்தினால் கண்டிப்பாகத் திருத்துங்கள். பிந்துவதை விட அது சீக்கிரம் கண்ணில் குத்தும்.

## அறிகுறி 1: தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அளவு பிசகு

ஆகச் சின்னப் பிரச்சினை. மூன்று இடத்தில் அளந்தும் ஒரே எண் வந்தால் அந்தத் துண்டின் சத்தத்தைப் பிரித்தெடுத்து, அந்த எண்ணளவு நகர்த்தினால் போதும். ஒட்டுவதற்கு முன் துண்டு துண்டாக நகர்த்துங்கள். ஒட்டிய பிறகு மொத்தமாக நகர்த்தினால் சரியாக இருந்த துண்டும் கெடும்.

அடுத்த முறையும் வராமலிருக்க:

கேம் சத்தம் சரி, குரல் மட்டும் பிந்துகிறது. புளூடூத் மைக். வயர் மைக்குக்கு மாறுங்கள். புளூடூத்தில் மைக்கும் சேர்ந்து வேலை செய்யும்போது குரலின் தரமும் விழும், ஆகவே நட்டமில்லை.

கேம் சத்தமும் படமும் சரி, குரல் மட்டும் முந்துகிறது. கன்சோலைக் கேப்சர் கார்ட் (கன்சோலின் படத்தையும் சத்தத்தையும் கணினிக்குள் கொண்டுவரும் கருவி) வழியாக எடுப்பவர்களுக்கு வருவது. கார்ட் படத்தையும் கேம் சத்தத்தையும் சேர்த்தே பிந்த வைக்கும், மைக் கணினிக்கு நேரே போய்விடும். மைக்கை ரிவி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து, ரிவியைக் கேம் மோடில் போட்டு, கேமில் நாலைந்து தரம் சுடுங்கள். ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் கேம் சத்தத்தையும் மைக்கையும் தனித்தனித் தடமாகப் பதிவுசெய்து ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் திறந்தால் இரண்டு தடத்திலும் வெடி முள்முள்ளாகத் தெரியும். இரண்டு முள்ளுக்கும் இடையிலுள்ள தூரம்தான் விடை. அதை ஓபிஎஸ்ஸின் அட்வான்ஸ்ட் ஓடியோ ப்ராப்பர்டீஸில் மைக்கின் ‘சிங்க் ஆஃப்செட்’ கட்டத்தில் மில்லி செக்கனில் போடுங்கள். கூட்டல் எண் போட்டால் மைக் பிந்தும்.

ஒவ்வொரு நாளும் வேறு அளவு பிசகுகிறது. கார்ட் யூஎஸ்பி ஹப்பில் இருந்தால் கழற்றிக் கணினியின் துளையில் நேரே செருகுங்கள். அடுத்து வயரை மாற்றுங்கள். கடற்கரைப் பக்கம் இருக்கும் வீடுகளில் எச்டிஎம்ஐ வாயில் உப்புக் காற்றுப் பட்டுப் பச்சை பூத்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் மின்சாரத்தை நிப்பாட்டிவிட்டு ஐசோப்ரொப்பைல் மதுசாரத்தில் தோய்த்த மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். இதற்குப் பிறகும் எண் நிலையாக நிற்கவில்லை என்றால் கார்டைத்தான் மாற்றவேண்டும். நிலையில்லாத எண்ணுக்கு ஆஃப்செட் போட முடியாது.

## அறிகுறி 2: தொடக்கம் சரி, போகப்போக விலகுகிறது

இதுதான் ஆக அதிகம் வருவது, ஆகப் பிழையாகத் திருத்தப்படுவதும் இதுதான். பத்து நிமிடத்துக்கு எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிடுங்கள். அந்த எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

### விலகல் ஒழுங்கில்லை: ஒரு பகுதியில் வேகமாக, இன்னொரு பகுதியில் மெதுவாக

மாறும் பிரேம் வீதம். போனின் திரைப்பதிவுகளில் அநேகமாக எல்லாமே இப்படித்தான். விண்டோஸின் கேம் பார் பதிவுகளும் அப்படியே. லொபியில் சும்மா நிற்கும்போது பிரேம் ஒரு அளவு, குண்டு வெடிக்கும்போது வேறு அளவு. மூலக் கோப்பு விஎல்சியில் கடைசிவரை பொருந்தி ஓடும், எடிட்டருக்குள் போட்டதும் விலகும். அப்படி என்றால் சந்தேகமே வேண்டாம்.

வைத்தியம், ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் நிலையான பிரேம் வீதத்துக்கு மாற்றுவது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் இலவசம், அதில் இப்படிச் செய்யலாம்:

1. எல்லாத் துண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, 01, 02 என்று பெயரிட்டுத் திறந்துகொள்ளுங்கள்.
2. வீடியோ பக்கத்தில் ‘ஃபிரேம்ரேட்’ என்ற இடத்தில் 60 அல்லது 30 என்று நீங்களே தெரிவுசெய்யுங்கள். ‘சேம் ஆஸ் சோர்ஸ்’ என்று விடவேண்டாம், 57.3 போன்ற முறிந்த எண் வந்து நிற்கும். மீடியாஇன்ஃபோ காட்டிய சராசரி 40க்கு மேலென்றால் 60, அதற்குக் கீழென்றால் 30.
3. அதற்குப் பக்கத்தில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்பதில் புள்ளி வையுங்கள். பலரும் தவறவிடும் இடம் இதுதான். ‘பீக் ஃபிரேம்ரேட்’ என்று இருந்தால் மாற்றியும் மாற்றாத கதைதான்.
4. தரம் ஆர்எஃப் 18 முதல் 20 வரை (எண் குறையக் குறையத் தரம் கூடும்). இன்னொரு தரம் எக்ஸ்போர்ட் ஆகப்போகும் வீடியோ என்பதால் இங்கே கஞ்சத்தனம் கூடாது.
5. ஓடியோ பக்கத்தில் ஏஏசி, ஸ்டீரியோ, சாம்பிள் வீதம் 48, பிட்ரேட் 192.
6. இந்த அமைப்பை ஒரு ப்ரீசெட்டாகச் சேமித்து, எல்லாத் துண்டையும் அதே ப்ரீசெட்டில் வரிசையில் போடுங்கள்.

மாற்றத் தொடங்குமுன் டிஸ்கில் இடமிருக்கிறதா என்று பாருங்கள். செக்கனுக்கு 16 மெகாபிட் வீதம் வந்தால் பத்து நிமிடத் துண்டு ஒன்று 1.2 ஜிபி பிடிக்கும். ஹேண்ட்பிரேக் ஒட்டித் தராது, மாற்றி மட்டும்தான் தரும். ஒட்டுவதை எடிட்டரில் செய்யுங்கள்.

ஷாட்கட் எடிட்டரைப் பாவிப்பவர்களுக்கு வேலை குறைவு. மாறும் பிரேம் வீதக் கோப்பைத் திறந்தவுடன் எடிட்டுக்கு ஏற்றதாக மாற்றட்டுமா என்று அதுவே கேட்கும். ‘ஓம்’ என்று சொல்லுங்கள். அவசரத்தில் அந்தப் பெட்டியை மூடிவிட்டுப் பிறகு ஷாட்கட்டைத் திட்டுகிறவர்கள்தான் அதிகம்.

போனிலேயே கேப்கட்டிலோ கைன்மாஸ்டரிலோ ஒட்டுபவர்கள் ஒவ்வொரு துண்டையும் தனியே, வெட்டாமல், 30 பிரேமில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அப்படி வந்த கோப்புகளைப் புதிய திட்டம் ஒன்றில் ஒட்டுங்கள். எக்ஸ்போர்ட் ஆன துண்டே விலகியிருந்தால் அந்தத் துண்டுக்குக் கணினி தேவை.

இனிமேல் பதிவுசெய்யும்போது போனின் ரெக்கோர்டரில் நிலையான பிரேம் வீதம் என்ற தெரிவு இருந்தால் போட்டுவையுங்கள். நாலு பேரும் ஒரே எண்ணைத் தெரிவுசெய்யவேண்டும். கேம் 90இல் ஓடினாலும் பதிவு 30ஆக இருக்கட்டும்.

### பத்து நிமிடத்துக்கு 0.6 செக்கன், சீராக

ஒரு துண்டு 59.94, திட்டம் 60. அல்லது 29.97உம் 30உம். ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம்தான், ஆனால் ஒரு மணித்தியாலத்தில் 3.6 செக்கனாகிவிடும். போன் துண்டோடு கேப்சர் கார்ட் துண்டைக் கலக்கும்போது வரும். பெரும்பான்மைத் துண்டுகள் எந்த வீதமோ அந்த வீதத்தில் திட்டத்தை அமைத்து, மற்றவற்றை மேலே சொன்ன முறையில் அதற்கு மாற்றுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டரில் முதல் கிளிப்பை உள்ளே எடுத்த பின் திட்டத்தின் பிரேம் வீதத்தை மாற்ற முடியாது. பிழையாகப் போட்டுவிட்டால் புதிய திட்டம்தான்.

### பத்து நிமிடத்துக்குச் சில பத்து மில்லி செக்கன், சீராக

வர்ணனையை வேறு போனிலோ வேறு ரெக்கோர்டரிலோ பதிவுசெய்திருப்பீர்கள். இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒன்றுக்கொன்று இம்மியளவு வேறு, அவ்வளவுதான். குரல் தடத்தை ஆடாசிட்டியில் திறந்து, வேகம் மாற்றும் எஃபெக்டில் புதிய நீளம் என்ற கட்டத்தில் வரவேண்டிய நீளத்தைப் போடுங்கள். 1800.1 செக்கன் தடத்தை 1800க்குச் சுருக்கினால் குரலில் எந்த மாற்றமும் காதுக்குத் தெரியாது. தொடக்கத்திலும் கடைசியிலும் ஒவ்வொரு கைதட்டைப் பதிவில் விட்டுவைத்தால் இந்த நீளத்தைக் கண்டுபிடிப்பது சின்ன வேலை.

## அறிகுறி 3: ஒவ்வொரு ஒட்டுவாயிலும் கொஞ்சம் கூடுகிறது

துண்டுக்குள் விலகல் இல்லை, அடுத்த துண்டு தொடங்கும்போது மட்டும் ஒரு படி ஏறுகிறது. லாஸ்லெஸ்கட் போன்ற மென்பொருள்களில், மறுபடி என்கோட் செய்யாமல் (புதிதாகச் சுருக்காமல்) அப்படியே ஒட்டுபவர்களுக்கு வருவது.

முதலில் பார்க்கவேண்டியது கீஃபிரேம், அதாவது முழுப் படமாகச் சேமிக்கப்படும் பிரேம். இடையிலுள்ளவை மாற்றத்தை மட்டும் வைத்திருக்கும். ஒட்டுவாயில் படம் ஒரு நொடி உறைந்தோ சாம்பல் கட்டங்களாகவோ வருகிறதா? கீஃபிரேம் இல்லாத இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். சத்தம் வெட்டிய இடத்திலிருந்து தொடங்க, படம் முந்திய கீஃபிரேமைத் தேடிப் பின்னால் போய்விடும். வெட்டும் இடத்தைப் பக்கத்திலுள்ள கீஃபிரேமுக்கு நகர்த்துங்கள். அதற்கு லாஸ்லெஸ்கட்டில் தனிப் பொத்தான்கள் இருக்கின்றன. ஓபிஎஸ்ஸில் எக்ஸ்264 என்கோடரைத் தானியங்கியாக விட்டால் கீஃபிரேமுக்கு இடையில் 250 பிரேம் வரை போகும், 30 பிரேம் வீடியோவில் எட்டுச் செக்கனுக்கு மேல். கீஃபிரேம் இன்டர்வலை 2 செக்கன் என்று போட்டுவிடுங்கள்.

படம் உறையவில்லை, சத்தம் மட்டும் படியேறுகிறது என்றால் ஏஏசி என்ற ஒலிச் சுருக்க முறையின் குணம் அது. ஏஏசி 1024 சாம்பிள் கொண்ட பொட்டலங்களாகத்தான் சத்தத்தைக் கட்டும். 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு பொட்டலம் 21.3 மில்லி செக்கன். படம் முடியும் இடமும் பொட்டலம் முடியும் இடமும் ஒன்றாக அமைவது அபூர்வம். மூன்று துண்டு ஒட்டினால் ஒருவருக்கும் தெரியாது, பதினைந்து ஒட்டுவாய் வந்தால் 0.3 செக்கன் வரை போகலாம். எளிய வழி, எடிட்டரில் போட்டு முழுவதையும் ஒருதரம் ரெண்டர் செய்வது. கணினிக்கு அந்தப் பலமில்லை என்றால் ஒவ்வொரு துண்டின் சத்தத்தையும் சுருக்காத பிசிஎம் ஆக்கி, படத்தின் நீளத்துக்கு வெட்டி அல்லது மௌனம் சேர்த்து, எம்கேவியாக ஒட்டி, கடைசியில் சத்தத்தை மட்டும் ஒரேதரம் ஏஏசியாக்குங்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரிக் கருவி தெரிந்தவருக்கு இது பத்து நிமிட வேலை, தெரியாதவருக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

## அறிகுறி 4: இரண்டாம் துண்டில் குரல் கீச்சென்று, அல்லது படமே ஓட்டமாக ஓடுகிறது

குரல் கீச்சிட்டால் 44.1இல் பதிந்த சத்தம் 48 என்று வாசிக்கப்படுகிறது. பத்து நிமிடச் சத்தம் 9 நிமிடம் 11 செக்கனில் முடிந்துவிடும், சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறும். குரல் தடித்து இழுபட்டால் அதன் மறுபக்கம். அந்தத் துண்டை மட்டும் 48க்கு மாற்றுங்கள். விண்டோஸின் ஒலி அமைப்பில் மைக்கையும் ஸ்பீக்கரையும், ஓபிஎஸ்ஸின் ஓடியோ பக்கத்தையும், மூன்றையும் 48 என்று போட்டால் மீண்டும் வராது.

படம் ஓட்டமாக ஓடினால் டைம்பேஸ் (கோப்பு நேரத்தை எண்ணும் அலகு) வேறுபட்ட துண்டுகளை மறுஎன்கோட் இல்லாமல் ஒட்டியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே ஹேண்ட்பிரேக் ப்ரீசெட்டில் மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

## அறிகுறி 5: நடுவில் ஓரிடத்தில் தாவி, அதன்பின் அதே அளவில் நிற்கிறது

பதிவின்போது எதுவோ இடறியிருக்கிறது. இந்தத் துண்டுக்கு எந்த மென்பொருளும் தானாக வைத்தியம் செய்யாது. தாவிய இடத்தைக் கண்டுபிடித்து அங்கே வெட்டி, அதற்குப் பிந்திய சத்தத்தை மட்டும் நகர்த்துங்கள். வெட்டை மௌனமான இடத்தில் வையுங்கள்.

காரணங்கள் மலிவானதிலிருந்து: பதிவின் நடுவே அழைப்பு வந்தது (பதிவுக்கு முன் விமான மோடில் வைஃபையை மட்டும் திறந்துவிடுங்கள், ஆனால் வட்ஸ்அப் அழைப்பு அப்போதும் வரும்). போனில் இடம் முடியும் தறுவாயில் இருந்தது. போன் சூடேறித் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மத்தியானம், சார்ஜரில் செருகியபடி, தடித்த உறையோடு விளையாடிப் பதிந்தால் இது நிச்சயம். உறையைக் கழற்றி, மின்விசிறிக்கு முன்னால், இருபது நிமிடத் துண்டுகளாகப் பதியுங்கள்.

கணினியில் என்றால் ஓபிஎஸ்ஸின் வியூ பட்டியலில் ஸ்டாட்ஸைத் திறந்துவைத்து விளையாடுங்கள். என்கோடிங் லேக் எண் ஏறினால் தரத்தையோ பிரேம் வீதத்தையோ குறையுங்கள், அல்லது கிராஃபிக்ஸ் கார்டின் என்கோடருக்கு மாறுங்கள். யூஎஸ்பியில் தொங்கும் பழைய ஹார்ட் டிஸ்கில் நேரடியாகப் பதியவேண்டாம்.

## அறிகுறி 6: கணினியில் சரி, அனுப்பிய இடத்தில் பிழை

வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கும். மூலத் துண்டுகளை எப்போதும் டொகியூமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பென் டிரைவில் வாங்குங்கள். கிண்ணியாவிலிருந்து ஒருவர் பஸ்ஸில் கொண்டுவந்து தரும் பென் டிரைவில் தரம் குறையாது.

## எப்போது தெரிந்தவரிடம் கொடுப்பது

மின்சாரம் போய், பாதியில் நின்ற எம்பி4 கோப்பு எதிலும் திறக்கவில்லை என்றால் இனித் தட்டிப் பார்ப்பதை நிப்பாட்டுங்கள். கோப்பின் சுட்டி (எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) கடைசியில்தான் எழுதப்படும், அது எழுதப்படாமலே போயிருக்கிறது. அதைத் திரும்பக் கட்ட, அதே கருவியில் அதே அமைப்பில் பதிந்த ஒரு நல்ல கோப்பு வேண்டும். அதைத் தேடி எடுத்துவைத்துக்கொண்டு, தரவு மீட்பு செய்பவரிடம் போங்கள். (ஓபிஎஸ்ஸில் எம்கேவியாகப் பதிந்து, முடிந்தபின் ஃபைல் பட்டியலிலுள்ள ரீமக்ஸ் மூலம் எம்பி4 ஆக்குபவர்களுக்கு மின்வெட்டு வந்தாலும் அதுவரை பதிந்தது மிஞ்சும்.)

எச்டிஎம்ஐ வாய் ஆடுகிறது, துடைத்தும் படம் விட்டுவிட்டு வருகிறது என்றால் அது ஈயப்பற்று வேலை. வீட்டில் தொடவேண்டாம். வயர், துளை, கணினி மூன்றையும் மாற்றியும் கேப்சர் கார்டின் பிந்தல் நிலைக்கவில்லை என்றால் திருத்தக் கொடுப்பதிலும் பயனில்லை. விலை குறைந்த கார்டுகளில் திருத்துகூலி கார்டின் விலையைத் தாண்டிவிடும்.

மீட்புக்குக் கொடுப்பதாக இருந்தால் மெமரி கார்டை உடனே போனிலிருந்து கழற்றி ஒரு உறையில் போடுங்கள். கடைக்குக் கொண்டுபோகும் வரைக்கும் அந்தக் கார்டில் இன்னொரு போட்டியைப் பதிந்துவிடாதீர்கள்.